தம்பியின் கழுத்து

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி சுதன் நடக்கிறான். படி ஏறுகிறான், கார் ஓடுகிறான், என்னோடு சண்டை பிடிக்கிறான். பிராங்பேர்ட்டில் தமிழ்க் கடைக்குப் போனால், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிற சனம் "தம்பிக்கு இப்ப எப்படி?" என்று செத்தவீட்டுக் குரலில் கேட்கிறது. அவன் எழும்பவே மாட்டான் என்று ஒருவர் கதை கட்ட, இன்னொருவர் அந்தக் கதைக்குச் சில்லுப் பூட்டி அவனைச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டார். அதனால்தான் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்தபோது சுதனுக்கு மூன்று வயது, எனக்குப் பன்னிரண்டு. அப்பா உணவகச் சமையலறையில் நின்றார், அம்மா அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போனா. சுதனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, கிண்டர்கார்டனில் கொண்டுபோய் விட்டது நான். அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு அவனுடைய வாத்திமாரைச் சந்திக்கப் போனதும் நான்தான். அக்கா என்பது எங்கள் வீட்டில் உறவு மட்டுமல்ல, முழுநேர வேலை.

பிராங்பேர்ட்டில் அமெரிக்கப் படை நெடுநாள் இருந்ததால் அவர்களுடைய விளையாட்டும் இங்கே ஒட்டிக்கொண்டது. அமெரிக்கன் ஃபுட்போல் என்றால் எங்கள் உதைபந்தாட்டம் இல்லை. தலையிலும் தோளிலும் கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, தூக்கிக்கொண்டு ஓடி, ஆளை ஆள் மோதி விழுத்துகிற விளையாட்டு. சுதன் பக்கத்து ஊர்க் கழகத்தில் சேர்ந்தபோது அம்மா, "இது விளையாட்டோ, கலவரமோ?" என்று கேட்டா.

அவன் மெலிந்த உடம்பு. ஆனால் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அதனால் அவனைக் கோர்னர்பேக்காக ஆக்கினார்கள். கோர்னர்பேக் ஓரத்தில் தனியாக நிற்பவன். எதிர் அணியின் வேகமான ஓட்டக்காரன் ஒருவன் பந்தைப் பிடிக்க ஓடிவருவான். அவன் எந்தப் பக்கம் வெட்டித் திரும்பப்போகிறான் என்று தெரியாமலே இவன் அவனைப் பார்த்தபடி பின்பக்கமாக ஓடவேண்டும். பந்து அவன் கைக்குப் போய்விட்டால் உடனே பாய்ந்து விழுத்தவேண்டும். மற்றவர்கள் விடுகிற பிழை கூட்டத்துக்குள் மறைந்துபோகும். இவன் விடுகிற பிழையை அரங்கத்தில் கச்சான் கடலை விற்கிறவனும் பார்ப்பான்.

ஒரு வருடம் மாணவர் பரிமாற்றத்தில் அமெரிக்கா போனான். அங்கே அவன் ஓடுவதைப் பார்த்த ஒரு பயிற்றுநர், தெற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் அவனுக்கு உதவித்தொகையோடு இடம் எடுத்துக் கொடுத்தார். முதல் வருடம் ஆட இறக்காமல் வெளி வாங்கில்தான் இருத்திவைத்தார்கள். அடுத்த வருடம் ஒருவனுக்குக் கால் முறிய, இவனை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தை அவன் யாருக்கும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து, "அக்கா, நேற்று ஒரு பந்து பறிச்சனான்" என்பான். எதிரிக்கு எறிந்த பந்தை இடையில் புகுந்து பிடிப்பதை அவன் அப்படித்தான் சொல்வான். எனக்கு விளங்காவிட்டாலும் சந்தோஷப்படுவேன்.

கல்லூரி முடிய, அமெரிக்காவின் பெரிய அணிகள் ஆட்களைத் தெரிவுசெய்த நாளில் அவன் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தான். அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் வசந்தகாலத்தில் நடத்திய தொழில்முறை லீக்கில் இங்கத்தைய பிள்ளைகளுக்கும் சில இடங்கள் இருந்தன. அதில் ஒன்று கிடைத்தது. இரண்டாவது வருடம் அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவின் பெரிய அணி ஒன்று, ஜூலையில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லிக் கேட்டது. முகாமில் தேறினால் அணியில் இடம். அன்றைக்கு அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். அம்மா "விடடா விசரா!" என்று கத்திக்கொண்டே சிரித்தா.

எனக்கு அந்த வருடம் அவனில் ஒரே ஒரு குறைதான். மோதி எழும்பினால் சிலவேளை அப்படியே ஒற்றை முழங்காலில் குந்தி, சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டிருப்பான். எல்லோரும் போய் அணிவகுத்து நிற்பார்கள், இவர் ஆற அமர லேஸ் கட்டுவார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு லேஸை இறுக்கிக் கட்டத் தெரியாதே உனக்கு? நான் உனக்கு ஆறு வயசிலை பழக்கினனானெல்லோ!" என்று பேசினேன். அவன் சிரித்தான். நான் நகரத்துக்குப் போய், அவிழாத நல்ல லேஸ் என்று கடைக்காரன் சத்தியம் பண்ணித் தந்ததை வாங்கிவந்து, அவனுடைய சப்பாத்தில் நானே கோத்துக் கொடுத்தேன்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு ஊர் முழுக்கக் கொடி கட்டத் தொடங்கிய மே மாதம் அது. சனிக்கிழமை ஆட்டம். நான் விமானநிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் சமையலறையில் வேலை. அன்று வேலை முடிந்ததும் அப்படியே அரங்கத்துக்குப் போயிருந்தேன். எதிர் அணிக்காரன் பந்தோடு ஓரத்தால் வந்தான். சுதனைவிடப் பெரிய உடம்பு. சுதன் அவனுடைய காலைக் குறிவைத்துப் பாய்ந்தான். மோதும் நேரத்தில் தலை கீழே போய்விட்டது. தலையை நிமிர்த்தி மோதவேண்டும் என்பது அவர்களுடைய முதல் பாடம். கழுத்து குனிந்தால் அடி முழுவதும் கழுத்தெலும்புக்குத்தான் போகும்.

மற்றவன் எழும்பிவிட்டான். சுதன் எழும்பவில்லை. கால் அசையவில்லை, கை அசையவில்லை. "எழும்படா, எழும்படா" என்று நான் தமிழில் கத்தியது எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள். அம்மா முழங்காலில் கைப்பையை வைத்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தா. படம் எடுக்கிறோம் என்றார்கள். எக்ஸ்ரே, பிறகு இங்கே எம்.ஆர்.டி என்கிற எம்.ஆர்.ஐ. அதுதான் ஆளை ஒரு குழாய்க்குள் தள்ளி உள்ளே இருக்கிற நரம்பைப் பார்க்கும் படம். உள்ளே டமடமவென்று சத்தம் கேட்கும். கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் எழும்புவோம். வருவது யாரோ ஒரு துப்புரவுத் தொழிலாளியாக இருக்கும். திரும்ப இருப்போம்.

கடைசியில் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தா. என் வயதுப் பெண், களைத்த கண். நான் முந்திக்கொண்டேன். எங்கள் வழக்கம் அதுதானே. வருத்தமாய்க் கிடக்கிற நோயாளிக்கு முதலில் சொல்வதில்லை. வீட்டுக்காரருக்குச் சொல்ல, அவர்கள் அதை மசித்து, தண்ணி விட்டுக் கரைத்து, மெல்ல மெல்லக் கொடுப்பார்கள். "எனக்குச் சொல்லுங்கள், அவனுக்கு நான் சொல்கிறேன்" என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன்.

"உங்கள் தம்பி வளர்ந்த மனிதர். அவருக்குத்தான் முதலில் சொல்வேன். அவர் சம்மதித்தால் நீங்களும் நிற்கலாம்" என்றா.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மூன்று வயதிலிருந்து வளர்த்தவள் சம்மதம் கேட்டு நிற்கவேண்டுமாம்! அம்மா என் கையைப் பிடித்து, "பொறு மோளே, கத்தாதை" என்றா.

சுதன் சம்மதித்தான். கழுத்தைச் சுற்றி விறைப்பான பட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் கட்டை. கண் முகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நிபுணர் அவன் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னா. கழுத்தெலும்புகளுக்கு நடுவில் ஒரு குழாய் இருக்கிறது. மூளையிலிருந்து கைகாலுக்குப் போகிற நரம்புக் கட்டு அதற்குள்ளால்தான் இறங்குகிறது. சுதனுக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே ஒடுக்கம். கணக்கெழுதுகிறவனுக்கோ கடைக்காரனுக்கோ அதனால் ஒரு கரைச்சலும் இல்லை, சாகும்வரை தெரியாமலே இருந்துவிடுவான். ஆளை ஆள் மோதுகிறவனுக்கு அப்படி இல்லை. இரண்டு எலும்புக்கு இடையில் மெத்தையாக இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது. முன்கழுத்தை வெட்டி, அந்தத் தட்டை எடுத்து, எலும்பைத் தகடு வைத்துப் பூட்டவேண்டும்.

"எப்ப விளையாடலாம்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

சத்திரசிகிச்சை மறுநாள் காலை. எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது, மணிக்கூடு இருந்த பக்கம் நான் பார்க்கவே இல்லை. அம்மா நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டபடி இருந்தா. நான் யாரையும் கூப்பிடவில்லை. பிரேதமாக வந்தால் அம்மாவை எப்படிப் பிடிப்பது, கட்டையாக வந்தால் எந்த அறையில் கட்டில் போடுவது, இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உயிரோடு வந்தான். கால் விரல்கள் அசைந்தன. பிறகு முழங்கால். கைதான் பிந்தியது. நெருப்பில் வைத்ததுபோல் இரண்டு கையும் எரிகிறது என்பான், போர்வை பட்டாலும் கத்துவான். அம்மா கோயில் நூலைக் கழுத்தில் கட்ட வந்தா. தாதி, "கழுத்துப் பக்கம் ஒன்றும் கூடாது" என்று தடுத்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, போர்வையைத் தானே விலக்கி அவன் கணுக்காலைக் காட்டினாள். ஊர்க்கண் பட்ட கண்ணூறு கணுக்காலால் இறங்கும் என்று அம்மா திருப்திப்பட்டா. விழுங்கினால் தொண்டை நோகும் என்று ரசத்தை வடித்துப் போத்தலில் கொண்டுவருவா. நான் தீத்துவேன். இருபத்துமூன்று வயதுப் பெடியன் வாயைத் துடைக்க விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான்.

தினமும் ஒரு சோதனை. சின்ன வயது வைத்தியர் ஒருவர் ஒருமுறை பஞ்சால் தொடுவார், ஒருமுறை ஊசிமுனையால். கூரா, மழுங்கலா என்று இவன் சொல்லவேண்டும். இரண்டு நாளாக எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். நாங்கள் மகிழ்ந்துபோனோம். மூன்றாம் நாள் நிபுணர் அவன் கண்ணைத் துணியால் மறைக்கச் சொன்னா. அவ்வளவுதான், பாதி பிழை. ஊசி எடுக்கும்போது வைத்தியரின் தோள் ஒரு மாதிரியும், பஞ்சு எடுக்கும்போது இன்னொரு மாதிரியும் அசைகிறதாம். கழுத்துப் பட்டிக்கு மேலால் கண்ணை உருட்டி அதைப் பார்த்துப் பார்த்தே சொல்லியிருக்கிறான். ஓடிவருகிறவனின் இடுப்பைப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்புவான் என்று கண்டுபிடிக்கிற தொழில் அல்லவா! அந்தச் சின்ன வைத்தியர் சிரித்துவிட்டார். நிபுணர் சிரிக்கவில்லை. "யாரை ஏமாற்றுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டா.

டெரெல் அடிக்கடி வருவான். சுதனின் அணியிலேயே, மைதானத்தின் மற்ற ஓரத்தில் நிற்கும் கோர்னர்பேக் அவன். அமெரிக்கன், கதவளவு உயரம். அம்மாவைக் கண்டால் தொப்பியைக் கழற்றிவிடுவான். ஒருநாள் கீழே கன்டீனில் அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, என் உடைந்த ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தேன். நல்லாய்த்தானே ஆடிக்கொண்டிருந்தான், ஒரு நோய் வருத்தமும் இல்லாமல் திடீரென்று இப்படி வந்துவிட்டதே என்று புலம்பினேன்.

டெரெல் கோப்பியைக் கீழே வைத்தான். "திடீரென்று இல்லையே. இந்த வருடம் லேஸ் கட்டியபடியேதானே இருந்தான்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். மோதும்போது சிலவேளை கழுத்திலிருந்து கைவரை தேள் கொட்டியதுபோல் ஒரு மின்னல் இறங்கும், தேள்கொட்டு என்றுதான் அதைச் சொல்வார்களாம். கை விறைத்துத் தொங்கும். கொஞ்சத்தில் திரும்பி வந்துவிடும். அதை வைத்தியருக்குச் சொன்னால் வெளியே இருத்திவிடுவார்கள். வெளியே இருத்தினால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான். அதனால் கை திரும்பி வரும்வரை குந்தியிருந்து லேஸ் கட்டுவார்கள். கட்டுவதுபோல் விரலை அங்கே வைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். "நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றான்.

நான் அவனுக்கு அவிழாத லேஸ் வாங்கிக் கொடுத்தவள். கன்டீனில் ஆட்கள் பார்க்கப் பார்க்க நான் அழுதேன். டெரெல் என்ன செய்வதென்று தெரியாமல் கடதாசிக் கைதுடைப்பான் முழுவதையும் எடுத்து என் முன்னால் குவித்தான்.

மேலே போய் சுதனைக் கேட்டேன். "எத்தினை தரமடா கை விறைச்சது?"

"ஞாபகமில்லை."

"பொய் சொல்லாதை."

"பொய்யில்லை அக்கா. நாங்கள் போன பந்தை ஞாபகம் வைச்சிருக்கக் கூடாது. வைச்சிருந்தால் அடுத்ததுக்குப் பயம் வரும். அப்பிடித்தான் பழக்கினவை."

அந்தக் கிழமை முடிவில் அவன் எழும்பி நடந்தான். ஃபிசியோ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மா கைதட்டினா. தாதிமார் வந்து பார்த்தார்கள். கதவுவரை போய்விட்டு, எங்கள் கையை விடச்சொன்னான். விட்டோம். அங்கிருந்து கட்டிலை நோக்கிப் பின்பக்கமாக நடக்கப் பார்த்தான். வலக்கால் வந்தது. இடக்கால் வரவில்லை. ஃபிசியோ பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் பிடரி அடிபட விழுந்திருப்பான். முன்னுக்கு நடந்ததை அவன் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. கட்டிலில் கிடந்து சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

நிபுணர் அன்று பின்னேரம் வந்து முடிவாகச் சொன்னா. இனி நடப்பீர்கள், வேலை செய்வீர்கள், பிள்ளை பெறுவீர்கள். விரல் நுனிகளில் விறைப்பு இருந்துகொண்டே இருக்கும். இந்த விளையாட்டு மட்டும் இல்லை. இன்னுமொரு அடி இப்படி விழுந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது, மூச்சைக்கூட மெஷின்தான் விடும்.

அவ போன பிறகு சுதன் சொன்னான். "அமெரிக்காவிலை வேறை டொக்டர்மார் இருக்கினம். ஜூலைக்கு இன்னும் நாள் கிடக்கு."

"உனக்கென்ன விசரோ? இப்ப அவ சொன்னது காதிலை ஏறேல்லையோ?"

"ஏறினது. அவ இஞ்சத்தைய டொக்டர், அவவுக்கு ஃபுட்போல் தெரியாது."

"ஃபுட்போல் தெரியாட்டி என்ன, கழுத்துத் தெரியுமெல்லோ!"

"அக்கா, நான் பத்து வருஷமா இதுக்குத்தான் ஓடினனான். கதவுக்குக் கிட்ட வந்திட்டன். இப்ப திரும்பிப் போ எண்டால் ஏலாது. செத்தாலும் பரவாயில்லை."

"செத்தால் பரவாயில்லையடா. சாகாமல் கிடந்தால் ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். வாயில் வந்துவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டா.

மறுநாள் பின்னேரம் அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. அமெரிக்க இலக்கம். சுதனின் முகம் அப்படியே மாறிவிட்டது. அவனால் தொலைபேசியைப் பிடிக்க ஏலாது. நான்தான் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அணியின் ஆள். அவர் வணக்கம் சொன்னாரோ இல்லையோ, சுதன் தொடங்கிவிட்டான். சின்னத் தேள்கொட்டுத்தான், படம் எல்லாம் நல்லாய் இருக்கிறது, ஓடத் தொடங்கிவிட்டேன், ஜூலையில் முதல் ஆளாய் நிற்பேன். நெஞ்சு நிமிர்ந்த குரல். கழுத்தில் தகடு, கையில் ஊசி, காலில் அம்மாவின் நூல்.

நான் தொலைபேசியை அவன் காதிலிருந்து எடுத்தேன். எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். "அக்கா! போனைத் தா! அக்கா!" என்று அவன் பின்னால் கத்தினான். பிடிக்க ஆள் இல்லாமல் எழும்பி வர அவனால் முடியாது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நான் அக்கா. அவன் சொன்னது எல்லாம் பொய். கழுத்தை வெட்டித் தகடு வைத்திருக்கிறார்கள். இன்னுமொரு அடி பட்டால் போய்விடுவான். அவனை வரவேண்டாம் என்று சொல்லுங்கள், உங்களைக் கும்பிடுகிறேன்.

பிறகு அந்த மனிதர் மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவர் எடுத்ததே வேறு விஷயம் சொல்லத்தானாம். போன மாதமே அந்த இடத்துக்கு வேறொரு கோர்னர்பேக்கை எடுத்துவிட்டார்களாம். சுதனுக்கு அடிபடுவதற்கு முதலே. அடிபட்டதே இப்போதுதான் அவருக்குத் தெரியுமாம். தம்பி இவ்வளவு சந்தோஷமாகக் கதைத்ததால் இடையில் சொல்ல வாய் வரவில்லையாம். "நான் அவரிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

போன மாதம். அவன் அம்மாவைத் தூக்கிச் சுற்றியதெல்லாம், கை விறைக்க விறைக்கக் குந்தியிருந்ததெல்லாம், அந்தப் பெரிய உடம்புக்காரனின் காலில் பாய்ந்ததும்கூட, இல்லாமல் போன ஓர் இடத்துக்காக. நான் விறாந்தையில் சுவரோடு நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன சொன்னனீ?"

"உண்மையைச் சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"வரவேண்டாமாம்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீதான் என்னைக் கொன்றனீ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான்.

இப்போது விமானநிலையத்தில் அலுவலக வேலை பார்க்கிறான். என் மகளின் பிறந்தநாளுக்கு வருவான், அவளைத் தோளில் தூக்குவான், சாப்பிடுவான், போவான். என்னோடு தேவைக்கு மட்டும் கதை. ஏதும் வாய்த்தர்க்கம் வந்தால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பான், நான் அந்தப் போனைப் பறிக்காமல் விட்டிருந்தால், தான் இன்று எங்கே இருந்திருப்பேன் என்று. நான் பேசாமல் நிற்பேன். என்னில் கோபித்துக்கொண்டு அவன் சீவிக்கலாம். தனக்காக ஒருவருமே காத்திருக்கவில்லை என்று தெரிந்தால் எதைப் பிடித்துக்கொண்டு சீவிப்பான்?

அவன் தமிழ் நல்லாய்க் கதைப்பான், ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேன். அவனைக் கண்டால் சுகம் கேளுங்கள். அக்காவைப் பற்றிக் குறை சொன்னால், ஓம் தம்பி, அவ செய்தது பிழைதான் என்று சொல்லுங்கள்.